குளிர்கடலில் ஒரு பூஞ்சுவர்

“ஐஸ்போலக் குளிர்ந்த கடலில் ஜீவராசிகள் விறைத்துப் போகாவா, ஸார்?” என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். உண்மை இதற்கு நேர் விரோதம்.

கானடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் வடகோடிக்கருகே பிரௌனிங் ஜலசந்தி இருக்கிறது. கோடையிலும் அங்கே ஜலத்தின் உஷ்ணம் சுமார் 10 டிகிரி சென்டிகிரேட்தான். ஆயினும், கடலுக்குள் செங்குத்தாய் இறங்கும் பாறைச் சுவரில் கை வைக்க இடமில்லை. மென்பவளங்களும் கடற்பஞ்சுகளும் வெள்ளைக் கடற்சாமந்திகளும் அப்பிக் கிடக்கின்றன. பூக்களைப்போல் தோன்றும் இவை யாவும் பிராணிகளே. ஏற்றவற்ற நீரோட்டம் இருந்த இடத்துக்கே இவற்றுக்கு இரை கொண்டுவருகிறது.

ஓட்டம் ஓய்ந்திருக்கும் சிறுபொழுதில், முதுகில் காற்றுக் கலத்துடன் முக்குளிப்போர் இறங்குகிறார்கள். சிவப்பொளியை நீர் முதலில் விழுங்கிவிடுவதால் சுவர் மங்கித் தெரியும். கைவிளக்கைக் காட்டியதும் செந்நிறம் ஜ்வலிக்கும்!

அபாயமும் இந்த அழகிலேயே இருக்கிறது. காலடியில் தரை கிடையாது; லயித்தவர் அறியாமலே ஆழத்துக்குப் போய்விடலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசித்த நைட்ரஜன் உடலில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தாலோ, மூடி திறந்த சோடாப் புட்டியைப்போல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பி உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே, சுவரைப் பார்க்கும் கண் அடிக்கடி ஆழமானியையும் பார்க்க வேண்டும். அழகை அனுபவிக்கவும் அளவு தெரிய வேண்டும் அல்லவா?