எழுப்பி நிறுத்தும் வைத்தியர் எங்கே?

உயிரைக் காத்த வைத்தியரை ஊர் கைகூப்பி வணங்குகின்றது. வணங்கட்டும், அது தகும். ஆயின் அதன் பின் நடப்பதை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளி ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கின்றனர். சத்திரசிகிச்சை நிபுணர் தம் கடமையைக் குறைவறச் செய்கின்றார். உயிர் தப்புகின்றது. சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றார். இடுப்புக்குக் கீழே உணர்வற்ற அந்த மனிதர் திண்ணையிலே கிடத்தப்படுகின்றார். படுக்கைப் புண் வருகின்றது, சிறுநீர்ப்பை கெடுகின்றது, மனைவி கூலி வேலைக்குப் போகின்றாள், மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்று விடுகின்றது. வைத்தியம் வென்ற வீட்டிலே வாழ்வு தோற்று நிற்கின்றது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஒரு மருத்துவத் துறை உண்டு. அது புனர்வாழ்வு மருத்துவம் எனப்படும். அத்துறையிற் பயிற்சி பெறுவதற்கு எத்தகைய இளம் வைத்தியர் வருகின்றனர், அவரை அங்கே ஈர்ப்பது யாது, நம் பிள்ளைகளுள் எத்தகையோர் அங்கே செல்ல வேண்டும் என்பனவே இன்று நாம் எழுப்பும் கேள்விகள்.

"புனர்வாழ்வு" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவருட் பலர் முகஞ் சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின், முன்னாட் போராளிகளைத் தடுத்து வைத்த முகாம்களுக்கும் அப்பெயரே வழங்கப்பட்டது. ஆயினும் ஒரு சொல் வேண்டாத இடத்தில் வழங்கப்பட்டமையால் அதன் இயற்பொருள் அழிந்துவிடாது. நாம் இங்கு கூறுவது, விழுந்த மனிதரை மீண்டும் எழுப்பி நிறுத்தும் வைத்தியத்தையே.

ஏனைய துறைகளுட் பலவற்றுக்கு ஒவ்வோர் உறுப்பு உரியது. கண் வைத்தியருக்குக் கண். இருதய நிபுணருக்கு இருதயம். புனர்வாழ்வு மருத்துவருக்கோ உரியது மனிதரின் செயல். இவர் தாமாக எழுந்து கிணற்றடிக்குப் போவாரா? தம் கையால் உண்பாரா? வரம்பிலே நடப்பாரா? மீண்டும் உழைப்பாரா? பாரிசவாதம், முள்ளந்தண்டு முறிவு, மூளைக் காயம், கை கால் இழப்பு, குழந்தைகளின் மூளை முடக்குவாதம் ஆகிய யாவும் அவர் முன்னே வரும்போது அவர் கேட்கும் கேள்விகள் இவையே. அவர் தனித்து நின்று தொழில் செய்வதுமில்லை. இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர், செயற்கை உறுப்புச் செய்வோர், தாதியர், சமூக சேவை உத்தியோகத்தர் ஆகியோரை ஒருங்கே கூட்டி வழிநடத்துவதே அவர் தொழிலின் பெரும்பகுதி.

இப்பயிற்சி அமெரிக்காவில், பொது மருத்துவத்திற் கழிக்கும் ஓராண்டோடு சேர்த்து 4 ஆண்டுகள். இந்தியாவில் மருத்துவப் பட்டத்தின் பின் 3 ஆண்டுகள். இந்தியாவிற் பம்பாயிலே 1955 இல் இதற்கென ஓர் அகில இந்திய நிறுவனம் எழுந்தது. நம் நாட்டில் இது வாதநோய் மருத்துவத்தோடு இணைந்த துறையாக வளர்ந்து வந்துள்ளது. ராகமையில் அதற்கென ஒரு வைத்தியசாலையும் உண்டு. இத்துறையின் உதவியாற் பயன்பெறக்கூடியோர் உலகிலே 240 கோடிப் பேர் என உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. இவ்வளவு பெரிய தேவைக்கு முன்னே, இதனை விரும்பி ஏற்கும் இளைஞர் மிகச் சிலரே.

அச்சிலரும் எங்கிருந்து வருகின்றனர்? இத்துறையைத் தோற்றுவித்தோர் வரலாற்றை நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். பிராங்க் குரூசன் என்ற அமெரிக்க இளைஞர் சத்திரசிகிச்சை நிபுணராக வர எண்ணியவர். காசநோய் அவரைப் பிடித்துச் சுகாதார நிலையத்திற் கிடத்தியது. மாதக்கணக்காகப் படுத்துக் கிடக்கும் நோயாளர், நோய் தணிந்த பின்னரும் வலுவிழந்து பயனற்றுப் போவதை அவர் அங்கே கண்டார். தம் உடம்பிலேயே உணர்ந்தார். எழுந்து வந்தவர் 1929 இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கு ஒரு பிரிவை அமைத்தார். பின்னர் மேயோ மருத்துவ நிலையத்தில், 1936 இல், இளம் வைத்தியருக்கான 3 ஆண்டுப் பயிற்சியைத் தொடக்கி வைத்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் இத்துறைப் பயிற்சிகளுக்கு முன்னோடி அதுவே.

லுட்விக் குட்மன் கதை இன்னும் உருக்கமானது. 1917 இல், வைத்தியக் கல்லூரியில் நுழையும் முன்னரே, ஜேர்மனியின் சுரங்க நகரொன்றில் விபத்து வைத்தியசாலையில் அவர் ஏவலாளாகத் தொண்டு செய்தார். முள்ளந்தண்டு முறிந்த ஓர் இளஞ் சுரங்கத் தொழிலாளி அங்கே கொண்டுவரப்பட்டான். இவன் சில வாரங்களில் இறந்துவிடுவான், இவனைப் பற்றி எழுதி வைப்பதிற் பயனில்லை என்று மூத்தோர் ஒதுக்கினர். அவ்வாறே அவன் இறந்தான். அந்த முகத்தைக் குட்மன் மறக்கவில்லை. யூதராகப் பிறந்தமையால் நாசிகளிடமிருந்து தப்பி 1939 இல் இங்கிலாந்து வந்தார். 1944 இல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுப் பிரிவொன்றைத் திறந்தார். நோயாளரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப்பையைக் காத்தல், பின்னர் எழுப்பி அமர்த்தித் தொழில் கற்பித்தல் என்பனவே அவர் முறை. முன்பு மாதக்கணக்கில் மாண்டவர் பின்பு ஆண்டாண்டுகளாக வாழ்ந்தனர். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே இன்றைய பராலிம்பிக்கின் வித்து.

நமக்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கொச்சியிற் பிறந்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் படித்த மேரி வர்கீஸ், 1954 ஜனவரியில் நிகழ்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். மகளிர் மருத்துவத்தை நாடியிருந்த இளம் பெண் அவர். கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் போல் பிராண்ட் அவரிடம், அமர்ந்தபடியே செய்யக்கூடிய சத்திரசிகிச்சை உண்டென்றார். தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் வேலையைச் சக்கர நாற்காலியிலிருந்தே மேரி செய்தார். பின்னர் நியூயோர்க் சென்று, போர்க்காலத்தில் விமானப் படையினரிடையே இத்துறையை வளர்த்த ஹவார்ட் ரஸ்கிடம் பயின்றார். அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. வேலூர் திரும்பித் துறையைத் தலைமை தாங்கி நடத்தினார். 1966 இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஶ்ரீ வழங்கியது. கால் வழங்காத வைத்தியர் முன்னே கால் வழங்காத நோயாளி வந்து நிற்கும்போது அங்கே எத்தனை உரைகள் மிகையாகிவிடும்!

இம்மூவரும் பரீட்சைப் புள்ளியை மட்டும் பார்த்து இத்துறைக்கு வந்தவரல்லர். தம் உடம்பிலோ தம் கண்முன்னோ நேர்ந்த துயரமே அவர்களை அழைத்து வந்தது. இன்றும் வெளிநாடுகளில் இப்பயிற்சிக்கு வருவோரிடையே இவ்வியல்பு காணப்படுகின்றது. பாரிசவாதத்தில் விழுந்த பாட்டனைப் பராமரித்தவர், ஊனமுற்ற உடன்பிறப்போடு வளர்ந்தவர், விளையாட்டிற் காயமுற்று மாதக்கணக்கில் இயன்மருத்துவரிடம் பயின்றவர், முன்னர் இயன்மருத்துவராகவோ பொறியியலாளராகவோ இருந்து பின் மருத்துவம் கற்றவர் எனப் பல திறத்தார் வருகின்றனர்.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. அங்கேயும் பணம் ஒரு பக்கம் இழுக்கின்றது. விளையாட்டு மருத்துவம், முதுகு நோவுக்கு ஊசி ஏற்றும் சிகிச்சை என்பன வருவாயும் ஓய்வும் தருவன. மூளைக் காயமுற்றவர்களும் முள்ளந்தண்டு முறிந்தவர்களும் கிடக்கும் விடுதிகளிலோ உழைப்பு மிகுதி. பலன் மெல்லவே தெரியும். பயிலுநர் முதலாவதன் பக்கம் சாய்ந்தால் இரண்டாவதை யார் காப்பார் என்ற கேள்வி அங்கும் எழுகின்றது. முதுகு நோவும் நோவுதான். வயலிலே குனிந்து நாரி பிடித்த கமக்காரர் அதனை அறிவார். அதற்கும் வைத்தியர் வேண்டும். ஆனால் எல்லாரும் அங்கே போய்விட்டால், திண்ணையிற் கிடப்பவர் திண்ணையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

இனி நம் நிலையைப் பார்ப்போம். கால் நூற்றாண்டுக்கு மேலாக நீண்ட போர் நம் மண்ணில் எத்தனை கால்களையும் கண்களையும் கொண்டு போயிற்று என்பதை வன்னியின் ஒவ்வொரு கிராமமும் அறியும். 2009 இற் பத்து வயதுச் சிறுவனாய்க் காலிழந்தவன் இன்று குடும்பத்தைத் தாங்கும் வயதினன். அவனுக்கு ஒரு பொய்க்காலைக் கொடுத்ததோடு கடமை முடியவில்லை. கால் தேயும், தண்டு புண்ணாகும், உடல் பருக்கும், முதுமை வரும். அவனை வாழ்நாள் முழுவதும் பார்க்க ஒரு வைத்தியர் வேண்டும். போர் ஓய்ந்த பின்னரும் நீரிழிவு கால்களை வாங்குகின்றது. வீதி விபத்து இளைஞரை முடமாக்குகின்றது. பாரிசவாதம் முதியோரைச் சாய்க்கின்றது.

நம் பெற்றோர் மீது முதற் குற்றம் உண்டு. பிள்ளை வைத்தியராக வேண்டுமென்று வயலை ஈடு வைப்பர். வைத்தியரானதும் இருதய நிபுணரா, சத்திரசிகிச்சை நிபுணரா என்று கேட்பர். புனர்வாழ்வு மருத்துவர் என்றால், "அது என்ன, உடற்பயிற்சி காட்டுகிற வேலையா?" என்பர். திருமணச் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. சமூகம் எதனை மதிக்கின்றதோ அதனை நோக்கியே அதன் மிகச் சிறந்த மூளைகள் ஓடும். ஓடிய பின் "எங்களைப் பார்க்க ஆளில்லையே" என்று அழுவதில் யாது பயன்?

சிலர் கேட்பர்: வைத்தியருக்கு வேண்டியது அறிவு, அவர் எந்த வீட்டிற் பிறந்தார், எதிலே விருப்புடையவர் என்பதை ஏன் பார்க்க வேண்டும்? திறமை ஒன்றே அளவுகோல் ஆகாதா? நியாயமான கேள்விதான். அறிவிலே குறைந்தவரை அனுப்புங்கள் என்று நாம் கூறவில்லை. ஆயின் இத்துறையில் அறிவின் ஒரு பகுதி நோயாளரின் வாழ்வை அறிதலே. ஜெய்ப்பூர்க் காலின் வரலாறு இதனை மெய்ப்பிக்கும். மேனாட்டுப் பொய்க்கால் சப்பாத்துக்கெனச் செய்யப்பட்டது. அதைப் பூண்டவர் வெறுங்காலுடன் சேற்றில் இறங்க முடியாது, குந்தியிருக்க முடியாது, சம்மணமிட்டு உண்ண முடியாது. 1968 இல் ஜெய்ப்பூரிலே அதனை மாற்றியமைத்தவர் இருவர். ஒருவர் டாக்டர் சேத்தி. மற்றவர் பெரிய பள்ளிப் படிப்பில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மா. ஒரு கைவினைஞரின் சொல்லுக்கு ஒரு வைத்தியர் செவிசாய்த்தார். வயலில் இறங்கும் கால் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் நம்மவர் பலரை நடக்க வைத்தமையும் அதன் பயனே.

மொழியையும் மறத்தலாகாது. கட்டியை வெட்டி எடுப்பதற்கு மொழி அதிகம் வேண்டாதிருக்கலாம். பாரிசவாதத்தாற் பேச்சிழந்த ஒரு தாய்க்கு மீண்டும் சொற்களைக் கற்பிக்க அவள் மொழியன்றி வேறு எது உதவும்? காலிழந்தவனின் மனச்சோர்வை மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆற்ற முடியுமா? தமிழிற் பேசி, தமிழர் வீட்டின் படியையும் முற்றத்தையும் கிணற்றையும் அறிந்த வைத்தியர் நமக்கு வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன சில. முதலாவது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவம் கற்கும் ஒவ்வொரு மாணவரும் ஊனமுற்ற ஒருவரின் வீட்டோடு ஓராண்டு தொடர்பு கொண்டு பழகும் முறை ஏற்படல் வேண்டும். விருப்பம் வானத்திலிருந்து விழுவதில்லை, கண்டாற்றான் பிறக்கும். இரண்டாவது, இத்துறையிற் பயிற்சி பெறுவோர் தம் காலத்தின் ஒரு பகுதியை வடக்கு கிழக்குக் கிராமங்களிற் கழித்தல் வேண்டும். மூன்றாவது, ஊனமுற்ற மாணவருக்கு வைத்தியக் கல்லூரியின் கதவு திறக்கப்படல் வேண்டும். ஊனமுற்றோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமாக உள்ளது. 2016 இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2024 இல், ஊனத்தின் சதவீதத்தை மட்டும் காட்டி ஒருவரை மருத்துவப் படிப்பிலிருந்து விலக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. கை கால் குறைந்த மாணவரை ஏற்கத் தயங்கும் கல்லூரி, மேரி வர்கீஸ் எந்த நாற்காலியிலிருந்து துறையை ஆண்டார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

இறுதியாக, வைத்தியராகும் தகுதி பெற்ற நம் இளைஞருக்கு ஒரு சொல். போர்க்காலத்தில் நீங்கள் குழந்தைகளாயிருந்தீர்கள். சிலர் பிறந்திருக்கவும் மாட்டீர்கள். ஆயினும் உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ ஊன்றுகோல் ஒன்று சுவரிற் சாய்ந்து நிற்பதைக் கண்டே வளர்ந்தீர்கள். வேறு நாட்டு மாணவர் நூலிற் படித்து அறிவதை நீங்கள் முற்றத்திலே கண்டு அறிவீர்கள். அந்த அறிவை வீணாக்க வேண்டாம். திண்ணையிலே கிடப்பவர் இன்னும் காத்திருக்கின்றார்.