கடப்பாரையைத் தூக்கியது யார்?

சென்னை அண்ணா சாலையில், மவுண்ட் ரோடு என்று பழகிப்போன அந்தப் பெருவீதியில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை திரும்பும் முனையிலே எழுந்தது ஒரு செங்கல் மாளிகை. கோபுரமும் கும்மட்டமும் கொண்டு 1897-ல் அதை எழுப்பியவர் ஸ்மித் என்ற வெள்ளைக்கார மருந்து வணிகர். மருந்துப் புட்டி விற்க மாளிகையா என்று கேட்காதீர்கள்; துரைமாரின் தலைவலி தர்பாரில்தானே தீரும்!

1934-ல் லாகூர்க் கம்பெனியான பாரத் இன்சூரன்சு அதை வாங்கிற்று. மருந்து வாடை போயிற்று; பிரிமியப் பணம் வந்தது. யார் பணம்? கிளார்க்கும் வாத்தியாரும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, மனைவி மக்களுக்கென்று கட்டிய பணம். அந்தக் கம்பெனியின் தலைவர் டால்மியா என்ன செய்தார்? இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துப் பங்குச் சூதாட்டத்தில் கொட்டினார்! 1955 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அதை அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். கட்சி வேறானாலும் அந்தத் துணிவைப் பாராட்டத் தயங்கோம். 1962-ல் உச்சநீதிமன்றமும் டால்மியாவின் குற்றத்தை உறுதி செய்தது.

அதற்குள், 1956-லேயே, 245 இன்சூரன்சு நிறுவனங்கள் அரசுடைமையாயின, எல்.ஐ.சி. பிறந்தது. முதலாளியின் மாளிகை மக்கள் சொத்தாயிற்று. பறித்த பணத்துக்கு ஈடாகக் கிடைத்த பட்டா என்றே நாம் அதைக் கருதுகிறோம்.

அந்தச் சொத்தை இடிக்க 2006-ல் கடப்பாரை தூக்கியது யார்? டால்மியாவா? ஸ்மித்தின் பேரனா? இல்லை, தோழர்களே! மக்கள் பெயரால் அதை வைத்திருந்த அதே எல்.ஐ.சி.! பழுதாகிவிட்டதாம், பயனில்லையாம். பழுதுபார்க்காமல் போட்டது யார் குற்றம்?

"வெள்ளைக்காரன் கட்டியதுதானே, போகட்டுமே" என்பாரும் நம்மிடையே உண்டு. ஸ்மித்தா செங்கல் சுமந்தார்? சாரத்தில் நின்ற கொத்தனார் நம்மவர். சாந்துச் சட்டி தூக்கிய சித்தாளும் நம்மவரே. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கட்டடம் ஒன்றுதான் அவர்களுக்குச் சாட்சி.

'இன்டாக்' என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பு வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் இடிப்பைத் தடுத்து, 2010-ல் கட்டடத்தைக் காக்கவேண்டும் என்று தீர்ப்பும் தந்தது. அதற்குள் ஒரு பகுதி மண்ணாகிவிட்டது. கடப்பாரை விழுந்த அந்நாளில் நாமும் அவ்வழியே பஸ்ஸில் போனோம், எட்டிப் பார்த்தோம், இறங்கவில்லை.