வன்னியில் தூரத்தை எதனால் அளப்பது?

இலண்டனில் இருந்து பாரிசுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால், புலம்பெயர்ந்த நம்மவர் வீட்டுச் சிறுபிள்ளையும் ஒன்றேகால் மணித்தியாலம் என்று சொல்லிவிடும். நேர்கோட்டில் ஏறத்தாழ 345 கிலோமீற்றர். தூரம் தெரிந்தால் நேரமும் தெரியும். இந்த எளிய கணக்கு வன்னியில் நீண்டகாலம் செல்லுபடியாகவில்லை.

வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதியால் சுமார் 140 கிலோமீற்றர். கிளிநொச்சி இடையில் உள்ளது. 1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி நின்றது. ஆனையிறவுப் பாதையும் அடைபட்டது. அதன்பின் சனங்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில், விளக்கில்லாத படகுகளில் கடந்தார்கள். புறப்பட்ட எல்லாரும் கரைசேரவில்லை.

2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்துப் பாதை திறந்தது. ஓமந்தையில் ஒரு வாசல், முகமாலையில் மற்றொரு வாசல். இரண்டிலும் ஒருபுறம் அரச படையினர், மறுபுறம் விடுதலைப் புலிகள். ஒரு பயணி இறங்கிப் பொதியை அவிழ்த்துக் காட்டி, கட்டி, சற்றுத் தூரம் போய் மீண்டும் அவிழ்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் சந்தேகம், மறுபக்கத்தில் வரி! (வெங்காயச் சாக்குக்கும் அரசியல் இருந்த காலம் அது.) ஆயினும் பாதை இருந்தது. 2006 ஆகஸ்ட் 11 அன்று முகமாலையில் அதுவும் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தவர் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்தனர். வன்னியில் இருந்தவர்களுக்கு அவையும் இல்லை.

கிளிநொச்சியில் இருந்து பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாக முள்ளிவாய்க்கால் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணித்தியாலம் ஆகலாம். 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி படையினர் வசமானது. மே 18 இல் போர் முடிந்தது. அந்த நாலரை மாதங்களில் சனங்கள் கடந்த தூரம் இவ்வளவுதான். வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை.

இன்று ஏ-9 வழுவழுப்பான வீதி. புகையிரதம் 2013 இல் கிளிநொச்சிக்கும் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியது. 2019 இல் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் பறந்தது. அதுவும் ஏறக்குறைய இலண்டன்–பாரிஸ் தூரமே. மகிழ்ச்சியான செய்திதான், மறுக்கவில்லை.

என் குறை வேறு. ஐரோப்பாவில் இருந்து வரும் நம்மவர் கொழும்பில் இறங்கி வாகனம் பிடித்து, எத்தனை மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தோம் என்பதைச் சாதனைபோல் சொல்கிறார்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் ஒரு பொதி கச்சான். வன்னி அத்துடன் முடிந்தது! நாங்கள் கடந்துபோவதற்கு மட்டுமா இந்த மண்? முல்லைத்தீவுக்கு இன்னும் புகையிரதம் இல்லை. அதைக் கேட்கும் குரல்கூடப் பெரிதாக எழுவதில்லை.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் ஏ-9 வீதியோரத்தில்தான் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் போராட்டம் தொடங்கியது அங்கேதான். வாகனத்தை நிறுத்தி இறங்கினால் நாலடி நடை.