மயிலம் மழையும் கடவுள் கருணையும்

2024-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி இரவு 'ஃபெஞ்சல்' என்று பேரிடப்பட்ட புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியது. கரையேறிய புயல் உள்நாட்டுக்குள் ஓடி ஓய்ந்துபோகாமல், மணிக்கணக்காக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை 8-30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்திற்குள் மயிலத்தில் 51 சென்டிமீட்டரும், திண்டிவனத்தில் 37 சென்டிமீட்டரும் மழை பெய்ததாகக் கணக்கெடுக்கப்பட்டது. விழுப்புரம் ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதற்குமாகப் பெய்யக்கூடிய மழையே சுமார் 100 சென்டிமீட்டர்தான் என்றால், மயிலத்து ஜனங்கள் ஒரே நாளில் அரை வருஷத்து மழையைத் தலையில் வாங்கிக்கொண்டார்கள் என்பது அர்த்தம்.

அதோடும் முடியவில்லை. டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து வீட்டின்மேல் விழுந்து 7 பேர் மாண்டார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். 2-ந் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. அரசூர் பக்கத்தில் சென்னை - திருச்சி ரஸ்தா முழுகிப்போயிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பயிரும், ஆடும் மாடும், வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களும் போனவர்களுடைய கணக்கை இங்கு எழுதி முடியாது.

நிற்க, மயிலம் என்பது என்ன ஊர்? குன்றின்மேல் முருகன் கோயில் உள்ள ஊர். பங்குனி உத்திரத்திற்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் காவடி எடுத்துக்கொண்டு போகிற ஊர். மழை அதிகமாய்ப் பெய்த ஊர்ப் பேர் பத்திரிகைகளில் முதல் வரியில் வந்தபோது, அந்த ஊர் ஒரு பிரபல க்ஷேத்திரமாகவும் இருந்தது நம் கவனத்தை இழுத்தது. அதுபோலவே மண் சரிந்த மலையும் சாதாரண மலையல்ல. அந்த மலையே கடவுள் என்று சொல்லப்படுகிற மலை. கடவுளுக்கு வெகு சமீபத்தில் வசித்தவர்கள் இவர்கள். ஆகையால் கடவுளுக்கு நமது முறையீடு எட்டவில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை.

தப்பிப் பிழைத்தவர்கள், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, ஆண்டவன் காப்பாற்றினான்" என்று சொல்லிக்கொள்ளுகின்றார்கள். அவர்கள் பிழைத்தது குறித்து நமக்கும் சந்தோஷமே. ஆனால் நாம் கேட்பது ஒன்றுதான். காப்பாற்றியது ஆண்டவனானால், தலைக்கு வரும்படி அனுப்பியது யார்? தலைப்பாகையோடு போகாமல் தலையோடு போனவர்களுக்கு அதே ஆண்டவன் என்ன ஜவாப் சொல்லுகிறார்? மழை பெய்து ஏரி நிரம்பினால் கடவுள் கருணை. புயலடித்து ஊர் அழிந்தால் இயற்கையின் சீற்றம் என்பது என்ன கணக்கு? திண்டிவனத்து மண்டியில் ஒரு கணக்குப்பிள்ளை வரவையெல்லாம் முதலாளி பேரிலும், நஷ்டத்தையெல்லாம் வேறு யார் பேரிலோவும் எழுதி வைத்தால், அந்தப் பேரேட்டை நாம் ஒரு நாளாவது ஒப்புக்கொள்ளுவோமா?

இந்தக் கேள்வி புதிதல்ல. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 வருஷத்துக்கு முந்தியே கிரேக்க தேசத்தில் எபிகூரஸ் என்பவர் பேரால் இந்த வாதம் வழங்கி வந்திருக்கிறது. அதன் சாரம் இதுதான்: தீமையைத் தடுக்க மனமிருந்தும் சக்தி இல்லையென்றால் கடவுள் சர்வ சக்தர் அல்லர், சக்தி இருந்தும் மனமில்லையென்றால் அவர் கருணாநிதி அல்லர், இரண்டும் உண்டென்றால் தீமை ஏன் இருக்கிறது? 1755-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரில், சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று ஜனங்கள் மாதா கோயில்களில் நிறைந்திருந்த காலைவேளையில் பூமி அதிர்ந்து பதினாயிரக்கணக்கில் மாண்டபோது, ஐரோப்பா முழுவதும் அறிவாளிகள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமையில், வேளாங்கண்ணிக்கு யாத்திரை வந்தவர்களைக் கடல் வாரிக்கொண்டு போனபோது நம் நாட்டிலும் கேட்கவேண்டியிருந்தது.

இது வெள்ளைக்காரன் கேள்வி என்று சிலர் ஒதுக்கப் பார்ப்பார்கள். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தைப் பார்க்கட்டும். கடவுள் உலகைப் படைத்தார் என்றால் அவருக்குப் பட்சபாதமும் இரக்கமின்மையும் உண்டென்று ஏற்படுமே என்ற ஆக்ஷேபணை அங்கேயே எழுப்பப்பட்டு, சங்கரர் அதற்கு உரை எழுதியிருக்கிறார். நமது திருவள்ளுவரும், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழவேண்டுமென்று ஏற்பட்டிருந்தால் அப்படி ஏற்படுத்தினவன் அலைந்து கெடட்டும் என்ற கருத்தை 'இரவச்சம்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். ஆகவே ஆஸ்திகர்களின் புஸ்தகத்திலேயே இருக்கிற கேள்வியைக் கேட்பதற்கு நாம் யாரிடமும் உத்திரவு வாங்க வேண்டியதில்லை.

இனி, அவர்கள் சொல்லும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது சமாதானம், முன்ஜென்ம வினை. சங்கரர் சொல்லும் பதிலும் இதுதான். அவரவர் கர்மத்தை அனுசரித்தே கடவுள் பலன் கொடுக்கிறார், ஆகையால் அவர்மீது குற்றமில்லை என்கிறார். அப்படியானால் திருவண்ணாமலையில் மண்ணுக்குள் புதைந்த 5 குழந்தைகளும் போன ஜென்மத்தில் ஒரேவிதமான பாபத்தைச் செய்து, ஒரே தெருவில் பிறந்து, ஒரே சாயந்திரத்தில் தண்டனையை அனுபவித்தார்கள் என்று ஏற்படுகிறது. இன்ன குற்றத்துக்காக இன்ன தண்டனை என்று கைதிக்குச் சொல்லாமல் தூக்குப் போடுகிற நியாயாதிபதியை நாம் என்னவென்று அழைப்போம்? அஃதன்றியும், வெள்ளத்தில் தத்தளித்தவர்கள் தண்டனை அனுபவிப்பவர்களானால், அவர்களைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தவர்கள் கடவுளின் தீர்ப்புக்குக் குறுக்கே நின்ற குற்றவாளிகள் ஆகவேண்டும். அப்படிச் சொல்ல எந்தப் பக்தனுக்கும் மனம் வராது. உதவி செய்தவர்களில் பக்தர்களும் ஏராளமாக இருந்திருப்பார்கள். அவர்களுடைய நெஞ்சு அவர்களுடைய சித்தாந்தத்தைவிட எவ்வளவோ மேலானது என்பதே நமது அபிப்பிராயம்.

இந்த வினைக் கதை வெறும் வேதாந்தப் பேச்சாக மட்டும் இருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து, "உன் பிள்ளை செய்த வினை" என்று சொல்ல இது இடம் கொடுக்கிறது. ஏழை ஏழையாயிருப்பதற்கும், பறையன் என்று ஒருவனைச் சேரியில் ஒதுக்கி வைத்ததற்கும் இதே வினைதான் தஸ்தாவேஜாகக் காட்டப்பட்டு வந்தது. அதனாலேயே இதை நாம் விடாமல் கேட்கின்றோம்.

இரண்டாவது சமாதானம், சோதனை. கடவுள் பக்தனைச் சோதிக்கிறாராம். பிள்ளைக்குப் பரீட்சை வைப்பது, அவன் என்ன அறிவான் என்று உபாத்தியாயருக்குத் தெரியாததால். எல்லாம் அறிந்த சர்வக்ஞருக்குப் பரீட்சை எதற்கு? அதுவும் பரீட்சையில் செத்துப்போன பிள்ளை என்ன பாடத்தைக் கற்றுக்கொள்ளுவான்? 'மற்றவர்களுக்குப் பாடம்' என்றால், என் மகனுக்குப் புத்தி வருவதற்காக அடுத்த வீட்டுப் பையனை நான் ஆற்றில் தள்ளலாமா?

மூன்றாவது சமாதானம், திருவிளையாடல். இதற்குப் பதிலே தேவையில்லை. 5 குழந்தைகளின் சாவு ஒருவருக்கு விளையாட்டானால், அவரைக் கும்பிடுவதைவிட அவருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்வதே உசிதம்.

நான்காவது சமாதானம்தான் கொஞ்சம் படித்தவர்கள் சொல்லுவது. கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டார். தீமையெல்லாம் மனிதன் அதைத் தவறாய் உபயோகித்ததன் பலன் என்கிறார்கள். வங்காளக் குடாக்கடலில் காற்று சுழன்றதற்கு எந்த மனிதனுடைய சுதந்திரம் காரணம் என்று முதலில் சொல்லட்டும். மனிதன் செய்யும் தீமையையே எடுத்துக்கொண்டாலும் இந்தச் சமாதானம் நிற்காது. 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி கிராமத்தில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததற்காக ஆதிதிராவிடத் தோழர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7-ந் தேதி அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 2024-ம் வருஷம் மார்ச் 22-ந் தேதி ஐக்கோர்ட் உத்திரவின்படி பூசைக்கு மாத்திரம் திறந்தார்கள். 2025-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி போலீஸ் காவலோடு அந்தத் தோழர்கள் உள்ளே போனார்கள். பூட்டியது சர்க்கார், திறக்கச் சொன்னது ஐக்கோர்ட், காவல் நின்றது போலீஸ். தன் வீட்டு வாசலிலேயே தன் பிள்ளைகள் என்று சொல்லப்படுகிறவர்கள் அடிபட்டபோது அம்மன் செய்தது என்ன? அடித்தவனுடைய சுதந்திரத்தை மதித்தாள் என்றால், அடிபட்டவனுடைய சுதந்திரத்தை ஏன் மதிக்கவில்லை? ஒரு தலையாரிகூடத் தன் கண்ணெதிரில் ஒருவனை அடித்தால் குறுக்கே விழுந்து தடுப்பானே!

கடைசிச் சமாதானம், "அவன் சித்தம் நமக்கு விளங்காது" என்பது. விளங்காது என்பது உண்மையானால், அது கருணையான சித்தம் என்பது மட்டும் எப்படி விளங்கிற்று? இன்னது என்று தெரியாத ஒன்றை நல்லதென்றும் சொல்லமுடியாது, கெட்டதென்றும் சொல்லமுடியாது. வாயை மூடிக்கொள்வதுதான் யோக்கியமான வழி. வாயை மூடிக்கொள்ளாமல் உற்சவத்துக்கு வசூல் செய்வது யோக்கியமல்ல.

இந்த ஒரு கேள்வியினாலேயே கடவுள் இல்லையென்று ருஜுவாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. கருணையில்லாத கடவுளோ, சக்தியில்லாத கடவுளோ எங்காவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று யாராவது சொன்னால், இந்தக் கேள்வி அதைத் தொடாது. ஆனால் நம் ஜனங்கள் மொட்டை அடித்துக்கொண்டும், கடன் வாங்கிக் காணிக்கை போட்டும் கும்பிடுவது அந்தக் கடவுளையல்ல. எல்லாம் வல்லவர், எல்லாருக்கும் இரங்குகிறவர் என்று சொல்லப்படுகிறவரைத்தான் கும்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவரோடு மயிலத்து மழையைப் பொருத்திக் காட்டுங்கள் என்பதே நமது கேள்வி.

நிற்க, வெள்ளம் வடிந்த பிறகு டிசம்பர் 3-ந் தேதி இருவேல்பட்டில் ஒரு மந்திரியின்மீது ஜனங்கள் சேறு வீசினார்கள். சேறு வீசியது முறையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் உதவி ஏன் உடனே வரவில்லை என்று ஒரு மந்திரியைக் கணக்குக் கேட்க இந்த ஜனங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாத்தனூர் அணையைத் திறந்ததில், போதிய அறிவிப்பு இல்லையென்று எதிர்க்கட்சிக்காரர்களும், பலமுறை எச்சரித்தோம் என்று சர்க்காரும் வாதாடினார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்தபோது அது போதுமா என்ற கேள்வியும் எழுந்தது. இவையெல்லாம் நல்ல கேள்விகள். எல்லாருக்கும் மேலான அதிகாரி என்று சொல்லப்படுகிற ஒருவரிடம் மட்டும் ஒரு கணக்கும் கேட்கக்கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கேட்பதனால் என்ன லாபம் என்றால், உலக அனுபவத்தைப் பாருங்கள். 1999-ம் வருஷம் ஒரிசாவில் அடித்த பெரும் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013-ம் வருஷம் அதே கரையில் 'பைலின்' என்னும் கடும் புயல் வந்தபோது, முன்கூட்டியே சுமார் 10 லட்சம் ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள். சாவு நூற்றுக்குள் நின்றது. கடலும் அதேதான், காற்றும் அதேதான், பூரி ஜெகந்நாதரும் அதே இடத்தில்தான் இருந்தார். மாறியது மனிதனுடைய ஏற்பாடு. அம்மை நோயை மாரியம்மனின் விளையாட்டு என்று வேப்பிலை கட்டிக்கொண்டிருந்த வரையில் ஊரூராகச் சாவு விழுந்தது. அது ஒரு கிருமியின் வேலை என்று கண்டு ஊசி போட்ட பிறகு, 1975-ம் வருஷத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. "ஏன்?" என்று கேட்டவர்களாலேயே இந்த உயிர்கள் பிழைத்தன.

ஆகவே விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். வங்காளக் குடாக்கடலில் இன்னும் புயல் வரத்தான் செய்யும். வருவதற்கு முன் உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயும் வடிகாலும் யாரால் அடைபட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஆற்றோரத்திலும் மலையடிவாரத்திலும் பள்ளத்திலும் எப்போதும் ஏழைகளே குடியிருக்கும்படி ஏன் நேருகிறது என்று கேளுங்கள். அணை திறக்கும் செய்தி கடைசி வீட்டுக்கு எந்த மணிக்கு வந்து சேரும் என்பதைத் தாசில்தாரிடம் எழுத்தில் வாங்குங்கள். இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள். "எல்லாம் அவன் செயல்" என்று ஒருவன் சொன்ன மாத்திரத்தில், அந்த ஆட்களெல்லாம் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளுகிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.