வகுப்பறையில் வானூர்தி



1942ஆம் ஆண்டு. பேர்ல் துறைமுகத்திலே குண்டு விழுந்து சில திங்களே ஆகியிருந்தன. அமெரிக்கக் கடற்படை தன் நாட்டு உயர்நிலைப் பள்ளிகட்கு ஓர் அழைப்பு விடுத்தது. துப்பாக்கி ஏந்த அல்ல, உளி ஏந்த! ஐம்பது வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம், ஆக 5,00,000 மாதிரிகளை மரத்திலே செதுக்கித் தாருங்கள் என்று கேட்டது. ஆறடி நீளம் ஓர் அங்குலமாகச் சுருங்கவேண்டும். வானிலே வருவது நட்பா பகையா என்று நொடிப்பொழுதில் கண்டறியப் படைவீரர்கட்குப் பயிற்சி தருவதற்கு அந்த மாதிரிகள் தேவைப்பட்டன. தச்சுப் பட்டறையிலே நின்ற சிறுவன், தானறியாமலே விகிதக் கணக்குப் படித்தான்!

அதே ஆண்டு, அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் துணையோடு, கொலம்பியா, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் ஆக்கிய பாடநூல் வரிசை ஒன்றை மாக்மில்லன் நிறுவனம் வெளியிட்டது. வானூர்திக்கெனத் தனிப்பாடம் வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. இருந்த பாடங்களிலெல்லாம் வானூர்தியை ஏற்றினர். கணக்கிலே, நிலநூலிலே, உயிர்நூலிலே, ஏன், இலக்கியத்திலேகூட!

வியப்பாக இருக்கிறதா? எண்ணிப் பாருங்கள். வடக்கு நோக்கி மணிக்கு 200 மைல் விரைவில் செல்லும் விமானத்தை, மேற்கிலிருந்து 50 மைல் விரைவில் காற்றுத் தள்ளுகிறது. ஒரு மணி கழிந்தபின் அது எங்கே இருக்கும்? 200 மைல் வடக்கே, 50 மைல் கிழக்கே! வறண்ட முக்கோணத்துக்கு அங்கே உயிர் வருகிறது. 18,000 அடி உயரத்திலே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். அந்த ஒரு செய்தியிலிருந்து நுரையீரலும் குருதியும் பாடமாகின்றன. சுவரிலே தொங்கும் மெர்க்கேட்டர் படத்திலே, கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாக அகன்று கிடக்கிறது. உண்மையிலோ ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு! விமானத்தின் குறுவழியை உருண்டையின்மீது நூல் பிடித்துப் பார்க்கும் சிறுவன், சுவர்ப்படம் சொன்ன பொய்யையும் சேர்த்துக் கண்டுபிடிக்கிறான். இதைவிட நல்ல பாடமுறை எனக்குத் தெரியவில்லை.

ஆனால், யார் பொருட்டு? போர் பொருட்டு. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. அந்த நூல்வரிசையிலே நிலநூல் எழுதிய பேராசிரியர் ஜார்ஜ் ரென்னர், 1942 ஜூனில் காலியர்ஸ் இதழில் புதிய உலகப்படம் ஒன்று தீட்டினார். சிறு நாடுகள் பலவற்றின் எல்லையை அழித்துப் பெருநாடுகளோடு ஒட்டவைத்த படம்! உயரப் பறந்தவன் கண்ணுக்கு எல்லைக்கோடு தெரியாது, உண்மைதான். அந்தக் கோட்டுக்குள்ளே வாழ்வோரிடம் ஒரு சொல் கேட்கவேண்டும் என்ற நினைவும் அவருக்கு எழவில்லையே! வால்டர் லிப்மன் போன்ற இதழாளர்கள் அன்றே அவரை எதிர்த்து எழுதினர். மாநில உரிமை பேசும் நமக்கு அந்தப் படம் புதிதன்று என்பது வேறு செய்தி.

அமெரிக்கக் கதையை ஏன் அளக்கிறேன் என்பீர். நம் நாட்டிலும் பிள்ளைகட்கு வானூர்தி சொல்லித்தருகிறார்கள், அதனால்தான்! 2023 அக்டோபரில், சந்திரயான் வெற்றியை மாணவர்க்கு விளக்கவென்று மைய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பாடத்தொகுப்பிலே, புட்பக விமானமும் வந்தது. வைமானிக சாத்திரம் என்ற நூலும் வந்தது. அங்கே போர்வெறி பாடத்தின்மீது ஏறி அமர்ந்தது, இங்கே பழம்பெருமை! அமெரிக்கச் சிறுவனாவது அளந்து பார்க்கப் பழகினான். நம் சிறுவனை நம்பச் சொல்கிறார்கள். விண்கலத்தை விண்ணேற்ற ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டு உழைத்த அறிவியலாளர்க்கு இதுவா கைம்மாறு?

அந்த வைமானிக சாத்திரத்தை 1974லேயே பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்து அறிஞர் ஐவர் ஆய்ந்தனர். எப்படி ஆய்ந்தனர் என்பதைத்தான் ஆசிரியப் பெருமக்கள் கவனிக்கவேண்டும். ஏளனம் செய்து ஒதுக்கவில்லை. நூலின் மொழிநடையைப் பார்த்தனர், யாப்பைப் பார்த்தனர். வேதகாலத்து நடை அன்று என்றனர். நூல் வந்த வரலாற்றைத் தேடினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்னே அது செல்லவில்லை. பிறகு அதிலுள்ள படங்களை எடுத்து, எடை என்ன, வடிவம் என்ன, உந்துவது எது என்று கணக்கிட்டனர். சொல்லப்பட்ட விமானம் எதுவும் பறக்காது என்று முடித்தனர். மொழி, வரலாறு, வடிவியல், இயற்பியல் என நான்கு பாடங்கள் ஒரே மேசையில்! 1942இன் நல்ல பகுதி அது. போர் இல்லை, பொய்யும் இல்லை.

அந்த ஆய்வைச் சுருக்கி ஒன்பதாம் வகுப்பிலே வைக்கலாமே! ஒரு நூலின் நடை அதன் காலத்தை எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதைச் சங்கப் பாட்டையும் நேற்றைய நாளிதழையும் அருகருகே வைத்துத் தமிழாசிரியர் காட்டட்டும். எடைக்கும் இறக்கைக்கும் உள்ள உறவைக் காகித விமானம் மடித்துப் பறக்கவிட்டு அறிவியலாசிரியர் அளக்கச் செய்யட்டும். காற்று முக்கோணத்தைக் கணக்காசிரியர் பார்த்துக்கொள்வார். பறக்கும் உரிமை யாருக்கு, பயணச்சீட்டின் விலை யாருக்கு எட்டும், விமானநிலையத்துக்கு நிலம் தந்த உழவன் எங்கே போனான் என்பவற்றை வரலாற்றாசிரியர் கேட்கவைக்கட்டும். இந்தக் கடைசிப் பாடம்தான் 1942இல் மிகவும் மெலிந்து கிடந்தது. இதற்குக் கோடிகள் வேண்டா. நான்கு ஆசிரியர்கள் கூடிப்பேச வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். அதைத் தருவதற்கு எந்தத் தலைமையாசிரியரும் தில்லியின் ஆணைக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை.