அக்காள் ஏன் வரவில்லை?

அப்பாயி இறந்த அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தவர்கள் அவளைப் பற்றிப் பேசியதைவிட, வராத என் அக்காளைப் பற்றிப் பேசியதே அதிகம். "வளர்த்த கையை மறந்துவிட்டாளே!" என்றார் ஒருவர். "அந்த ஊர்த் தண்ணீர் அப்படி" என்றார் மற்றொருவர். அவர்களை நான் குறை கூற மாட்டேன். தில்லியிலிருந்து இரண்டு இரவுகள் ரயிலில் வந்து, பிறகு கும்பகோணத்துக்குப் பேருந்து பிடித்து வந்து நின்ற நானும் அதையேதான் எண்ணினேன். எண்ணியதோடு நின்றேனா? மெல்போர்னிலிருந்த அவளைத் தொலைபேசியில் அழைத்து, "நான் வந்துவிட்டேன், நீ ஏன் வரவில்லை?" என்று கேட்டும்விட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "புறப்பட யாரும் தடுக்கவில்லையடா தம்பி. திரும்பி வரத்தான் வழியில்லை" என்றாள்.

அன்று எனக்கு அது விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. நம் மன்றத்து நண்பர்களில் பலர் நாளை கடல் கடந்து போகப் போகிறவர்கள்; போன இடத்தில் சிலர் மணமும் செய்துகொள்வார்கள். ஆகவே இதைச் சொல்கிறேன்.

அக்காள் படிக்கப் போனவள். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் ஒருவரை அங்கே மணந்தாள். மாணவ விசா முடியுமுன்பே, கணவரோடு வாழ்வதற்கான விசாவுக்கு அங்கிருந்தபடியே மனுச் செய்தாள். 820 என்பது அதன் எண். கட்டணம் மட்டும் ஒன்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நம் பணத்தில் ஏறக்குறைய ஐந்து இலட்சம். முடிவு வரும்வரை அங்கே தங்கியிருக்க 'பிரிட்ஜிங் விசா ஏ' என்று ஒன்று கொடுத்தார்கள். பாலம் என்று பெயர் வைத்தவரை மெச்சத்தான் வேண்டும்! அந்த விசாவை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் இருக்கலாம். நாட்டைவிட்டு ஓர் அடி வெளியே வைத்தால் அதன் உயிர் போய்விடும். போய்த் திரும்ப வேண்டுமானால் 'பிரிட்ஜிங் விசா பி' வேண்டும். அதை உள்ளே இருக்கும்போதே கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். தக்க காரணம் காட்ட வேண்டும். விமானம் ஏறுமுன் அது கைக்கு வந்துவிடவும் வேண்டும். அஃதில்லாமல் புறப்பட்டால் திரும்பி நுழைய வேறொரு விசாவுக்கு அலைய வேண்டியதுதான்.

காரணம் காட்ட வேண்டுமாம். அப்பாயி நன்றாக இருந்தபோது என்ன காரணம் காட்டுவது? "என் பாட்டி இன்னும் சில நாளில் இறப்பாள்" என்று முன்கூட்டி எழுதிக் கொடுப்பதா? வெள்ளிக்கிழமை செய்தி போயிற்று; அன்றே அக்காள் மனுச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாயி கண்ணை மூடினாள். செவ்வாய்க்கிழமை அனுமதி வந்தது.

ஆஸ்திரேலியாவை மட்டும் சொல்வானேன்? இங்கிலாந்தில் இருந்துகொண்டு தங்குவதற்கு மனுச் செய்தவர், முடிவுக்கு முன் வெளிநாடு சென்றால், மனுவைத் தாமே திரும்பப் பெற்றதாகக் கொள்ளுகிறார்கள். அமெரிக்காவில் பச்சை அட்டைக்கு மனுச் செய்து காத்திருப்பவர், சில விசாக்காரர் நீங்கலாக, முன்னனுமதித் தாள் இன்றிப் புறப்பட்டால் மனுவைக் கைவிட்டவர் ஆகிறார்.

ஒரு திருமணம் மெய்யா பொய்யா என்று ஆராய எந்த அரசுக்கும் உரிமை உண்டு. நான் வேதியியல் மாணவன். சோதனை முடியுமட்டும் மாதிரியைப் புட்டியில் அடைத்து வைப்பது எனக்குப் பழக்கமே. ஆனால் மனிதரை அப்படி வைக்கலாகாது. போக்குவரவுக்கு இடம் கொடுத்தால் போலித் திருமணங்கள் பெருகும் என்பார்கள். எனக்கு அது விந்தையாகவே படுகிறது. போலி மணம் செய்தவன் மாப்போல் அங்கேயே குந்தியிருப்பான். ஊரில் தாயும் பாட்டியும் உள்ளவளுக்கல்லவா இந்த விலங்கு? தங்கும் அனுமதியோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் போய்வரும் அனுமதியையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்? மாற்ற முடியாத சட்டமும் அல்ல. வெளிநாட்டிலிருந்து மனுச் செய்யும் 309 என்னும் துணைவர் விசாவைப் பெற, முன்பெல்லாம் முடிவு வரும் நாளில் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்தாக வேண்டும். கொள்ளை நோய்க் காலத்தில், 2021-இல் அதைத் தளர்த்தினார்கள். 2023 நவம்பரில் அந்தத் தளர்வை நிலையாக்கினார்கள். அதனால் வானம் இடிந்து விழவில்லை.

நம் வீட்டார் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. "உடனே புறப்பட்டு வா" என்று அழுதோமே தவிர, "கையில் என்ன விசா இருக்கிறது?" என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. படித்தவன் நானும் கேட்கவில்லை. அப்பாயிக்கு உடம்பு தளர்ந்து மூன்று மாதமாகியிருந்தது. "அவள் கவலைப்படுவாள்" என்று அதை மறைத்தோம். மறைக்காதிருந்தால் அந்த மூன்று மாதத்தில் காரணமும் காட்டியிருப்பாள், அனுமதியும் பெற்றிருப்பாள்.

வியாழக்கிழமை அக்காள் வந்தாள். வாசலிலேயே அத்தை, "இப்போதுதான் வழி தெரிந்ததா?" என்று கேட்டாள். அக்காள் பதில் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். திண்ணையில் அமர்ந்து, அனுமதி கொடுத்த தேதியையும், திரும்பியாக வேண்டிய தேதியையும் அத்தைக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். "இன்னொரு முறை படி" என்றாள் அத்தை.