மருந்தின் விலையும் மருத்துவப் பாடமே

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு பயிற்சிப் பணி. இந்த ஐந்தரை ஆண்டுகளில் மாணவர் எலும்பையும் நரம்பையும் கற்றுத் தேறுகிறார். ஆனால், தாம் எழுதும் மருந்துச் சீட்டு ஒரு குடும்பத்தின் நகையை அடகுக் கடைக்கு அனுப்புமா என்பதை அவருக்குக் கற்றுத் தருபவர் யார்?

2013-14ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காட்டை மக்களே தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22இல் இது 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்கிறது அரசின் கணக்கு. மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தக் கணக்குப்படி, நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் நோயாளியின் மடியிலிருந்தே போகிறது.

இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட்டை எடுத்துக்கொள்வோம். மருந்து பூசிய ஸ்டென்ட் பல இடங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்றது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் வரி நீங்கலாக 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. நோயும் அதுவே, சிகிச்சையும் அதுவே; மாறியது கொள்கை மட்டுமே. தமிழகத்திலும் 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதால்தான் ஏழைக்கு இலவச மாத்திரை கிடைக்கிறது. இதை அறியாத மருத்துவர், விலை என்பது வானத்திலிருந்து விழுவதாகவே நினைப்பார்.

காப்பீட்டிலும் இதே நிலைதான். 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை என்று வகுத்தால், தேவையற்ற சிகிச்சை செய்யும் சோதனை வரும். அந்தத் தொகை குறைவானால், தேவையானதையும் சுருக்கும் சோதனை வரும். இவ்விரண்டையும் இளம் மருத்துவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குத் தரும் அன்பளிப்புகளின் சுமை இறுதியில் நோயாளியின் தலையிலேயே விழுகிறது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது.

2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் மருத்துவ நெறிமுறைகளும் நோயாளியுடன் உரையாடும் முறையும் இடம்பெற்றன. பின்னர், மாணவர் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களின் நலனைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் சேர்ந்தது. இவை நல்ல தொடக்கம். அந்த வீடுகளில் இரத்த அழுத்தத்தை அளப்பதோடு, கடைசியாக வந்த மருத்துவமனை ரசீதையும் மாணவர் வாசித்துப் பார்க்கட்டும்.

வணிகம் கற்றால் மருத்துவர் வணிகராகிவிடுவாரே என்று சிலர் அஞ்சலாம். கணக்கை மறைப்பவருக்கே அறியாமை உதவும். ஏழைக்கு அது ஒருபோதும் உதவாது. நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெய் வார்த்ததோடு நிற்கவில்லை. சத்திரக்காரருக்குப் பணம் கொடுத்து, மேலும் செலவானால் அதற்கும் பொறுப்பேற்றார். செலவைப் பற்றி எண்ணுவதும் இரக்கத்தின் ஒரு பகுதியே.

1943இல் அருள்சகோதரி மேரி குளோரி தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளின் அமைப்பும், 1963இல் பெங்களூருவில் நம் திரு அவை நிறுவிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியும் ஏழைகளுக்காகவே எழுந்தவை. ஆகவே, நம் மருத்துவமனைகளின் கட்டணப் பட்டியல் எவரும் படிக்கும்படி திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளை மருத்துவராக்க விரும்பும் பெற்றோரும், "எவ்வளவு சம்பாதிப்பாய்?" என்று கேட்பதற்கு முன், "உன்னிடம் வருபவருக்கு எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டுப் பழகுவோம்.